பச்சை இல்லாத குடல்

மே மாதம் வாளையாறு அணை உள்வாங்கியதும்
சேற்றில் வட்ட வட்டமாய்க் குழிகள்.
ஆனை இறங்கியிருக்கு என்று
சங்க ஷெட்டுக்கு ஓடப் பார்த்தேன்.
"இத்தனை காலுள்ள ஆனையா?" என்றான் சாமிக்குட்டி.
குனிந்து ஒரு குழிக்குள் கைவிட்டு
விளக்கிய தட்டுபோல வழித்திருந்த அடியைத் தடவிக் காட்டினான்.
விளிம்பில் நகத்தடம் இல்லை.

ஆண் மீன் தோண்டியது.
வாயால் அள்ளி, வாயாலேயே துப்பி.
நீர் இருந்த நாளில் ஒவ்வொரு குழி மேலும்
ஒரு கறுப்பன் நின்றிருப்பான்,
தாடை மட்டும் வெளுத்து, துடுப்போரம் சிவந்து,
பக்கத்துக் குழிக்காரனை முறைத்தபடி.
இந்த வருஷம் தண்ணீர் முந்திப் போயிற்று.
கறுப்பன்கள் இன்னும் ஆழத்துக்குப் போய்
முதலிலிருந்து தோண்டுகிறார்கள்.

சங்கத்து நோட்டில் மலையாளத்தில் திலோப்பியா.
கோயமுத்தூர் வண்டிச் சீட்டில் தமிழில் சிலேபி.
ஒரே கூடை, ஒரே ஐஸ்.
இனிப்புக் கடைப் பேரை இதற்கு யார் வைத்தார்களோ.
பூர்வீகம் ஆப்பிரிக்கா, ஜாம்பசி ஆறு என்றார்
மீன்வளத்துறை சார்.
என் அம்மா பிறக்கும் முன்பே
யாரோ கொண்டுவந்து இந்த நாட்டுத் தண்ணீரில் விட்டார்களாம்.
அந்த ஆற்றில் முதலை உண்டு, நீர்யானை உண்டு.
இங்கே
என்னிடம் தராசு உண்டு.

பாசிதான் ஆகாரம்.
கல்லில் வழுக்குவது, மூழ்கிய வேலமுள்ளில் படர்ந்தது,
ஒன்றுமில்லாவிட்டால் அடிவண்டல்.
பையன்கள் மைதா உருட்டித் தூண்டிலில் வைக்கிறார்கள்,
அதற்கும் வரும்.
எண்சாண் உடம்பு நமக்கு, வயிறு ஒரு சாண்.
இதற்கு உடம்பு ஒரு சாண்,
உருவி நீட்டினால் குடல் எண்சாண் வரும் போலிருக்கும்.
ஒருநாள் வேலையில்லாமல் நீட்டிப் பார்த்தேன்.
முனையிலிருந்து முனைவரை
அரைத்த கீரை.

செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டை வந்தது.
கூடையில் மற்றதெல்லாம் வாய் பிளந்து கிடக்க
இது மட்டும் இறுக்கிப் பூட்டியிருந்தது,
தாடைக்குக் கீழே பை கட்டினாற்போல் உப்பல்.
தட்டில் போட்டேன். நூற்றெண்பது.
அப்போது திறந்தது.

கடுகு கொட்டினாற்போல் கண்கள்.
கண்களுக்குப் பின்னால்
பிறகுதான் தெரிந்தன உடம்புகள்.
தட்டிலேயே கிடந்து துள்ளியதால்
எடை மாறவில்லை.
"பொடியைக் கழிச்சிரு தங்கச்சி" என்றார் ஹனீபா ராவுத்தர்,
கணக்கில் கறாரானவர்.
ஒரு மொந்தை தண்ணீர் ஊற்றி
தட்டைச் சாய்த்து வாளிக்கு வழித்துவிட்டேன்.
நூற்றெழுபத்தைந்து.
அஞ்சு கிராமில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பிள்ளை,
அவரும் கேட்கவில்லை.

வாளிக்குள் அவை சிதறவில்லை.
பக்கவாட்டில் துரு அரித்த ஒரு கறுப்புப் புள்ளி,
அங்கே போய்க் குவிந்தன.
முட்டின. விலகின. மறுபடி முட்டின.
பயந்தால் இருட்டான ஓட்டைக்குள் போக வேண்டும் என்பது மட்டும்
அவற்றுக்குத் தெரியும்.
நான் விரலை வைத்து மறைத்தேன்.
விரலின் நிழலுக்கு வந்தன.

வெட்டும் கட்டையிலிருந்து பொன்னுலட்சுமி கூப்பிட்டாள்:
"அக்கா, இதுல பச்சையே இல்லியே."
வெறும் வெள்ளை நூல்,
கழுவி வைத்த சேமியாபோல.
வாய் நிறைய ஆள் இருந்தால்
எந்த வழியாகத் தின்பது?
இருபது நாள் இருக்கும் என்றான் சாமிக்குட்டி.
சுற்றிலும் கல்லெல்லாம் பாசி.

வாளியைக் கரையில் கொண்டுபோய்க் கவிழ்த்தேன்.
சரியா தெரியாது. பரல் மீனைக் கண்டு எத்தனை வருஷம்,
எல்லா இடத்தையும் இது பிடித்துக்கொண்டது,
சார் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.
சீட்டில் எழுதினேன்: சிலேபி, நூற்றெழுபத்தைந்து.

அன்று ராத்திரி நிஜமாகவே ஆனை இறங்கியது.
காலையில் குழிகளுக்கு நடுவே காலடிகள்.
இப்போது பிரித்தறியத் தெரிகிறது,
நகம் பதிந்தது ஆனை, வழித்தது மீன்.
ஆனை மிதித்ததில்
கொஞ்சம் தண்ணீர் ஊறியிருந்தது.